‘நல்ல ஆய்வு தானாக வெளிவரும்’ என்னும் மூடநம்பிக்கை

நல்ல ஆய்வு எப்படியும் அச்சேறிவிடும் என்றும், அச்சேறாமல் போன ஆய்வு அச்சேறும் தகுதி அற்றதாகவே இருக்கும் என்றும் ஒரு நம்பிக்கை அறிவியல் உலகில் ஆழ வேரூன்றியிருக்கிறது. பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை, வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழிகளின் துணையோடு பல்கலைக்கழகத் துறைகளிலும் பணித்தேர்வுக் குழுக்களிலும் இது ஓயாமல் சொல்லப்படுகிறது; இளம் ஆய்வாளர் ஒருவர் தம் கட்டுரையை இதழ்கள் அடுத்தடுத்துத் திருப்பியனுப்பிவிட்டன என்று முறையிட்டால், இன்னும் நன்றாக எழுதுங்கள் என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏரி, ஆறு, கழிமுகம், கடல் ஆகியவற்றையும் அவற்றில் வாழும் உயிர்களையும் ஆராய்கிற நீர்சார் அறிவியல்களில் இந்த நம்பிக்கை விளைவிக்கும் கேடு பெரிது. ஆய்வை வெளியிடுவது பிறவித் திறமையைச் சோதிக்கும் தேர்வு என்று கருதப்படும் வரை, அது மூத்தோர் கற்பிக்க வேண்டிய ஒரு தொழில் என்பதும், அதைக் கற்பிக்கத் தவறினால் நீர்நிலைகளைப் பற்றிய அறிவே தொலைந்துபோகும் என்பதும் எவர் கண்ணிலும் படாமலே போகும்.

இந்த நம்பிக்கையின் பொய்ம்மையைக் காட்டுவதற்கு நன்னீரியலின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று வேறில்லை. ஏரி, குளம், ஆறு முதலிய உள்நாட்டு நீர்நிலைகளை ஆராயும் துறையே நன்னீரியல் எனப்படும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள சீடார் பாக் ஏரி என்னும் ஆழமற்ற, தூர்ந்துவரும் சிறிய நீர்நிலையை ரேமண்ட் லிண்டெமன் என்ற மாணவர் தம் மனைவி எலினரின் உதவியோடு ஐந்தாண்டுகள் ஆராய்ந்து, 1941-இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஏரியில் உள்ள பாசிகள், அவற்றை உண்ணும் நுண்விலங்குகள், அவற்றை உண்ணும் பெரிய விலங்குகள் என ஒவ்வோர் ஊட்ட நிலையிலும், அதாவது உணவுத் தொடரின் ஒவ்வொரு படியிலும், எவ்வளவு ஆற்றல் சேர்கிறது என்றும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எவ்வளவு கடந்து செல்கிறது என்றும் அவர் கணக்கிட்டார். ஏரியை உயிரினங்களின் பட்டியலாகப் பார்த்து வந்த துறையில், அதை ஆற்றல் பாயும் ஓர் அமைப்பாகப் பார்ப்பது அன்று புதிய பார்வை. யேல் பல்கலைக்கழகத்தில் ஜி. ஈவ்லின் ஹட்சின்சனிடம் மேலாய்வுக்குச் சேர்ந்த லிண்டெமன், இந்தக் கருத்தைக் கட்டுரையாக்கி ‘எகாலஜி’ என்னும் ஆய்விதழுக்கு அனுப்பினார்.

கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் சாதாரணமானவர்கள் அல்லர். சான்சி ஜூடேயும் பால் வெல்ச்சும் அன்றைய அமெரிக்க நன்னீரியலின் தூண்கள். கட்டுரையில் கோட்பாடு மிகுந்திருக்கிறது, தரவு குறைந்திருக்கிறது, ஓர் ஏரியை வைத்துக்கொண்டு எல்லா ஏரிகளுக்கும் பொதுவாகப் பேசுவது சரியாகாது என்ற காரணங்களைக் காட்டி, இருவரும் அதை வெளியிட வேண்டாம் என்று பரிந்துரைத்தனர். நல்ல ஆய்வு தானாக வெளிவரும் என்ற கூற்று உண்மையாக இருந்திருந்தால் அடுத்து நடந்ததற்குத் தேவையே இருந்திருக்காது. இதழின் ஆசிரியரான தாமஸ் பார்க்குக்கு ஹட்சின்சன் கடிதம் எழுதி, இத்தகைய பொதுக் கோட்பாடு ஏன் வேண்டும் என்று வாதிட்டார். லிண்டெமன் கட்டுரையைத் திருத்தி எழுதினார். பார்க், மதிப்பீட்டாளர்களின் கருத்தைக் கடந்து, 1942-இன் முற்பகுதியில் அதை ஏற்றுக்கொண்டார். லிண்டெமனோ நெடுநாள் கல்லீரல் நோயால் அவதியுற்று, 27 வயது நிறைவதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாள்களே இருந்தபோது, 1942 ஜூன் 29 அன்று காலமானார். அவர் மறைந்து சில மாதங்களுக்குப் பின், அந்த ஆண்டு அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது. இன்று சூழலியலின் அடித்தளங்களுள் ஒன்றாக மதிக்கப்படும் அதன் சாரம், பத்து விழுக்காடு விதி என்ற பெயரில் நம் பள்ளி மாணவர்களுக்கும் லிண்டெமன் பெயரோடு கற்பிக்கப்படுகிறது.

இறுதியில் அது வெளிவந்துவிட்டதே, ஆகவே நல்ல ஆய்வு தோற்காது என்பதற்குத்தானே இது சான்று என்று அந்த நம்பிக்கையைத் தாங்குவோர் வாதிடக்கூடும். ஹட்சின்சன் என்ற ஒருவர் அந்த இளைஞருக்கு வாய்த்திருந்தார் என்பதை இவ்வாதம் மறைத்துவிடுகிறது. கட்டுரையின் மையக் கருத்து அந்தக் கடிதத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தது. கட்டுரை திருத்தப்பட்டதோடு, அந்தக் கருத்தின் தகுதியை எடுத்துச்சொல்ல ஒரு மூத்தவரும் முன்வந்தார். அப்படி ஒருவர் வாய்க்காத லிண்டெமன்கள் எத்தனை பேர் என்பதை எவராலும் எண்ண முடியாது. ஏனென்றால் அவர்களுடைய கட்டுரைகள் வெளிவரவே இல்லை. வென்றவர்களை மட்டுமே பார்த்து, போட்டி நியாயமானது என்று தீர்ப்புச் சொல்வது அறிவியல் மனப்பான்மைக்கே எதிரானது.

கட்டுரை வெளியாவதற்கு முன் துறை வல்லுநர்கள் அதைப் படித்துத் தரம் பார்க்கும் முறை சக அறிஞர் மதிப்பாய்வு எனப்படுகிறது. எழுதியவர் யார் என்று பாராமல் எழுத்தை மட்டுமே எடைபோடும் துலாக்கோல் என்று இது போற்றப்படுகிறது. சோதனைகளோ வேறு விதமாகச் சொல்கின்றன. நோபல் பரிசு பெற்ற வெர்னன் ஸ்மித்தும் அதிகம் அறியப்படாத இளம் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து எழுதிய ஒரே நிதியியல் கட்டுரையை மதிப்பீட்டாளர்களுக்கு மூவகையாக அனுப்பிய ஆய்வொன்று 2022-இல் வெளிவந்தது. ஸ்மித்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 23 விழுக்காட்டினரும், எந்தப் பெயரும் தெரியாதவர்களில் 48 விழுக்காட்டினரும், இளையவரின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 65 விழுக்காட்டினரும் அதை நிராகரிக்கப் பரிந்துரைத்தனர். துறை வேறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ‘ஃபங்ஷனல் எகாலஜி’ என்னும் சூழலியல் இதழ் ஆசிரியர் பெயரை மறைத்தும் மறைக்காமலும் நடத்திய சோதனையின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தபோது, பெயர் தெரிந்திருக்கும் நிலையில் செல்வ நாடுகளையும் ஆங்கிலத் தேர்ச்சி மிகுந்த நாடுகளையும் சேர்ந்தவர்களுக்கே ஆதாயம் கிடைப்பது புலனாயிற்று. அதே ஆண்டில், எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோரின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டி நிராகரிக்கப்படுவது ஏறத்தாழ 2.5 மடங்கும், மொழியைச் செப்பனிடுமாறு கேட்கப்படுவது ஏறத்தாழ 12.5 மடங்கும் மிகுதி என்று காட்டியது. பெயரும் நாடும் மொழியும் இவ்வளவு கனக்கும் தராசில், நிராகரிப்பைத் தகுதியின்மைக்குச் சான்றாகக் கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

நீர்சார் அறிவியல்களில் இந்த அநீதியின் விலை மற்றத் துறைகளைவிடக் கூடுதலாவதற்கு அத்துறைகளின் இயல்பே காரணம். ஒரு கழிமுகத்தின், அதாவது ஆறு கடலோடு கலக்கும் இடத்தின், மிதவை உயிரிகளை ஆராயும் மாணவர் வடகிழக்குப் பருவமழை, கோடை என எல்லாப் பருவங்களையும் தொட வேண்டும். ஒரு மாதம் படகு கிடைக்காமல் போனால் அந்த மாதத்தை ஆய்வகத்தில் திரும்ப உருவாக்க முடியாது. நீரோடு போகும் போக்கில் மிதந்து வாழும் உயிர்களே மிதவை உயிரிகள். கொண்டுவந்த நீர் மாதிரியை லூகால் அயோடின் கரைசலிட்டுப் பதப்படுத்தி, படியவிட்டுச் செறிவாக்கி, அதிலிருந்து ஒரே ஒரு மில்லிலிட்டரை 50 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள செட்ஜ்விக்–ராஃப்டர் கண்ணாடித் தட்டில் இட்டு, அதன் ஆயிரம் கட்டங்களில் கட்டம் கட்டமாக நுண்ணோக்கியை நகர்த்தி, ஒவ்வோர் உயிரியையும் இனம் கண்டு எண்ண வேண்டும். ஒரு மாதிரிக்கே இவ்வளவு உழைப்பு என்றால், பல நிலையங்களில் மாதந்தோறும் எடுத்த மாதிரிகளுக்கு எவ்வளவு என்பதை எவரும் ஊகிக்கலாம். இந்த எண்ணிக்கைகள் வெளியாகாமல் ஆய்வேட்டுக்குள் முடங்கினால் இழப்பு அந்த மாணவரோடு நிற்பதில்லை. தமிழகக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்குவதற்கு முன் ஒரு கழிமுகம் எப்படி இருந்தது என்பதை அதற்கு முன் எடுத்த அளவீடுகளே சொல்ல முடியும். எவ்வளவு பணம் கொட்டினாலும் அவற்றை இனி எடுக்க இயலாது. நேற்றைய நீரை இன்று அளக்க முடியாத துறையில், வெளியாகாத தரவு அழிந்த தரவுக்குச் சமம்.

இவ்வளவு பொறுமையோடு எண்ணக் கற்பிக்கும் துறைகள், எண்ணியதை எழுதக் கற்பிப்பதில்லை. மாதிரி எடுப்பது, பதப்படுத்துவது, இனம் காண்பது ஆகியவற்றுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு. கட்டுரையின் மையக் கேள்வியைத் தீட்டுவது, தகுந்த இதழைத் தேர்வது, மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது ஆகியவற்றுக்குப் பல துறைகளில் அத்தகைய பயிற்சி கிடைப்பதில்லை. திருத்தி அனுப்புக என்ற கடிதத்தை நிராகரிப்பு என்றே எண்ணி முயற்சியைக் கைவிடும் மாணவரிடம் குறைந்திருப்பது திறமையன்று. அந்தக் கடிதம் ஓர் அழைப்பு என்று சொல்ல ஆளில்லை என்பதே அங்குள்ள குறை.

இந்தியாவின் அனுபவம் இந்த நம்பிக்கையின் விளைவைத் தெளிவாகக் காட்டுகிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டாயமாக்கின. எழுதக் கற்பிக்காமல் வெளியிடு என்று மட்டும் ஆணையிட்டால் என்ன ஆகுமோ அதுவே ஆனது. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பாய்வு இல்லாமலேயே எதையும் வெளியிடும் போலி ஆய்விதழ்கள் கொழுத்தன. தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை அக்குழு 2018 மே மாதத்தில் நீக்க நேர்ந்தது. பின்னர் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் அந்தக் கட்டாயத்தையே கைவிட்டன. கட்டாயமும் அதன் நீக்கமும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், வெளியிடுவது மாணவரின் தனிப்பாடு, நிறுவனத்துக்கு அதில் வேலையில்லை என்ற ஒரே எண்ணத்திலிருந்துதான் இரண்டும் பிறந்தன. போலி இதழில் வெளியிட்ட மாணவரைப் பழிப்போர், நல்ல இதழுக்கு வழிகாட்ட அவருக்கு யார் இருந்தார் என்று கேட்பதில்லை.

இளையோருக்குத் துணை நிற்பது தரத்தைத் தாழ்த்திவிடும் என்பது இந்த நம்பிக்கையின் கடைசி அரண். தரத்தைக் காக்க வேண்டும் என்ற கவலை மதிக்கத்தக்கதே. ஆனால் துணை நிற்பதும் தளர்த்துவதும் வெவ்வேறு செயல்கள். ஹட்சின்சன் எகாலஜி இதழின் தரத்தைக் குறைக்குமாறு கேட்கவில்லை. லிண்டெமனும் கட்டுரையைத் திருத்தி எழுதிய பிறகே அது ஏற்கப்பட்டது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 2004 முதல் நடைபெற்றுவரும் எக்கோ-டாஸ் என்னும் கருத்தரங்கில், நீர்சார் சூழலியலில் அண்மையில் முனைவர் பட்டம் பெற்றோர் ஒன்றுகூடி, தம்முள் குழுக்களாகப் பிரிந்து, கூட்டாகக் கட்டுரைகளைத் திட்டமிட்டு எழுதுகின்றனர்; அவை வழக்கமான மதிப்பாய்வைத் தாண்டியே வெளிவருகின்றன. நீர்சார் அறிவியலாளர்களின் பன்னாட்டுச் சங்கமான அஸ்லோ, இளம் ஆய்வாளரின் சிறந்த கட்டுரைக்கு லிண்டெமன் பெயரிலேயே விருது வழங்கிவருவதோடு, இதழ் நடத்தும் பணியில் இளையோரைப் பயிற்றும் நல்கையும் அளிக்கிறது. இவற்றால் அத்துறையின் இதழ்கள் தரம் தாழ்ந்துவிடவில்லை.

தமிழகத்தில் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல வழியே இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தின் கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிவருகிறது. 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில்தான் வேர்விட்டு வளர்ந்தது. சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் உள்ளன. இவற்றில் பணிபுரியும் மூத்தோர், தம் மாணவர் கட்டுரையை அனுப்புவதற்கு முன் வேறொரு துறையினரைக் கொண்டு படிக்கச் செய்வதும், தமக்கு மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரைகளை இதழின் இசைவோடு மாணவரையும் சேர்த்துக்கொண்டு மதிப்பிடுவதும், ஆய்வேட்டின் முதலாண்டிலேயே எழுத்துப் பயிற்சியைப் பாடமாக்குவதும் பெரும் பணம் தேவைப்படாத செயல்கள். இதழ்கள் ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பிடலாம். ஆங்கிலம் மட்டுமே பிழையாக இருந்தால் நிராகரிக்காமல் திருத்தக் கேட்கலாம். முடிவு பரபரப்பாக இல்லாவிட்டாலும் முறையாகத் திரட்டிய நீண்டகாலத் தரவுகளுக்கு இடமளிக்கலாம்.

ஓர் இளம் ஆய்வாளரின் கட்டுரை திரும்பி வரும்போது இவருக்குத் தகுதி உண்டா என்று கேட்பது இன்றைய வழக்கம். இவருக்கு எழுதக் கற்பித்தவர் யார், அனுப்பும் முன் படித்துப் பார்த்தவர் யார், இவர் பக்கம் நின்று வாதிடக் கூடியவர் யார் என்ற கேள்விகளே அதற்கு முன்னால் எழ வேண்டும். அவற்றுக்கு விடையில்லாத துறையில், திரும்பி வந்த கட்டுரைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அத்துறையின் தலைவரே அன்றி அந்த மாணவர் அல்லர்.