புல்லைப் பெயர்த்ததால் பிழைத்த மைதானம்

பேர்பெற்ற கோல்ஃப் மைதானம் ஒன்றைப் புதுப்பிக்கப்போவதாக கிளப் நிர்வாகம் அறிவித்தால், அடுத்து என்ன நடக்கும் என்று எளிதில் ஊகித்துவிடலாம். நீளத்தைக் கூட்டுவார்கள், குளம் வெட்டுவார்கள், மூலைமுடுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சிப் பச்சையாக்குவார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானம் இதற்கு நேரெதிராகச் செய்தது. மற்ற கிளப்புகள் பின்பற்ற வேண்டிய வழி அதுதான்.

ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய டொனால்ட் ராஸ் வடிவமைத்து, 1907இல் திறக்கப்பட்ட மைதானம் அது. 1948இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார் அவர். மணற்பாங்கான பூமி. சீராகப் புல் வெட்டிய ஆடுபாதையான ஃபேர்வேயை விட்டு விலகும் பந்து வெறும் மணலில் விழும். இல்லாவிட்டால் வயர்கிராஸ் என்கிற முரட்டுப் புல்தூருக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். ராஸுக்குப் பின் வந்தவர்கள் அந்த மணலைப் பெர்முடா புல்லால் மூடினார்கள். ஃபேர்வே குறுகியது, இருபுறமும் ரஃப் எனும் அடர்புல் ஒரே உயரத்தில் வளர்ந்தது. பார்க்க லட்சணம்தான். ஆனால், அந்த மண்ணுக்கே உரிய முகம் போய்விட்டது.

2010இல் பில் கூர், பென் கிரென்ஷா ஆகிய இரு வடிவமைப்பாளர்களிடம் அந்த முகத்தை மீட்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. கிரென்ஷா இரண்டு முறை மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர். கூர் அதே மாநிலத்துக்காரர். இளம் வயதில் அங்கே ஆடியவர். 1943இல் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன. அதைவிட உதவியது, மண்ணுக்குள் கிடந்த பழைய பாசனக் குழாய். அந்தக் காலத்தில் ஃபேர்வேயின் நட்டநடுவில் ஒற்றை வரிசையாகத்தான் குழாய் பதிப்பார்கள். அது போகும் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், ராஸின் ஃபேர்வேக்கள் எங்கே ஓடின என்று கண்டுபிடித்தார்கள்.

பிறகு பெயர்த்தெடுக்கும் படலம். 35 ஏக்கருக்கும் குறையாமல் புல் அகற்றப்பட்டது. வயர்கிராஸ் ஒரு லட்சத்துக்கும் மேல் நடப்பட்டது. சுமார் 1,150 தெளிப்பான்களில் 450தான் மிஞ்சின. ஆண்டுக்கு 20 கோடி லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டிருந்த மைதானம், ஏறக்குறைய 6 கோடி லிட்டரில் சமாளித்தது.

2014இல் ஆண்கள், பெண்கள் என இரு அமெரிக்க ஓபன் போட்டிகளும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேயே நடந்தன. ஓரங்கள் பழுப்பேறிக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். டொனால்ட் டிரம்ப் ட்விட்டரிலேயே குறைபட்டுக்கொண்டார். பச்சையாக இருந்தால்தான் பராமரிப்பு என்று பழகிய கண்களுக்கு அது அப்படித்தான் தெரியும்.

ஆட்டக்காரருக்குத்தான் வித்தியாசம் புரியும். அடர்ந்த ரஃபில் விழுந்த பந்தைப் பெரும்பாலும் வெளியே தட்டிவிடுவதோடு சரி. மணலில் விழுந்தால் நல்ல இடமா, பொல்லாத இடமா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். யோசித்தே ஆக வேண்டும். 2024 அமெரிக்க ஓபனின் கடைசிக் குழியில் பிரைசன் டிஷாம்போவின் பந்து இந்த மணல் காட்டில், மர வேர் அருகே போய் நின்றது. அங்கிருந்து அடித்தது பங்கர் எனும் மணற்பள்ளத்தில் விழுந்தது. ஏறக்குறைய 55 கஜத்திலிருந்து அவர் மணலோடு சேர்த்துத் தூக்கிய பந்து, குழிக்குச் சில அடி தூரத்தில் வந்து நின்றது. ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டம் அவருக்கு.

இந்த மீட்பைப் பழமை வழிபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. குழிகளைச் சுற்றியுள்ள கிரீன்களை 1930களில் மணலிலிருந்து புல்லுக்கு மாற்றியவரே ராஸ்தான். 2014 போட்டி முடிந்த பிறகு, கிரீன்களில் வெயிலைத் தாங்கும் புல் வகை போடப்பட்டது. களிமண் நிலத்தில் இருக்கும் கிளப், பைன்ஹர்ஸ்டின் மணலை நகலெடுக்க வேண்டியதில்லை. தன் நிலத்துக்கு எது ஒத்துவரும், எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் இல்லாமலே ஆட முடியும் என்று வரைபடம் போடும் முன்பே கேட்டால் போதும்.

பழுப்பு நிறத்தைக் காட்டினால் பெரிய போட்டிகள் கைவிட்டுப் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 2029, 2035, 2041, 2047 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்க ஓபன் போட்டிகளை இப்போதே பைன்ஹர்ஸ்டுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறது அமெரிக்க கோல்ஃப் சங்கம்.