பிரஷ் தேய்க்கும், நீங்கள் தேய்க்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மவுஸ் பிடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நழுவி ஓடிவிடும் என்பது போல இறுக்கிப் பிடிப்பார்கள். ஒரு கிளிக் போதும் என்ற இடத்தில் நாலு முறை தட்டுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இதனால் பெரிய நஷ்டமில்லை. ஒரு விண்டோவுக்குப் பதில் நாலு திறக்கும், மூடிவிடலாம். ஆனால் மோட்டார் உள்ள ஒரு சாதனத்தை வாயில் வைத்துக்கொண்டு இதே போல அழுத்தினால் என்ன ஆகும்? எலெக்ட்ரிக் டூத் பிரஷ்ஷைத்தான் சொல்கிறேன். அதிலும் பேட்டரி, சார்ஜர், டைமர் எல்லாம் இருக்கின்றன. எனவே இந்த இதழில் அதற்கும் இடம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். அப்பா முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். இப்போது தோள்வலியால் கையைத் தூக்கிப் பல் துலக்கச் சிரமப்படுகிறார். சர்க்கரையும் உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினம். அதனால் பொங்கலுக்குப் போனபோது ஒரு எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். பட்டனைக் காட்டினேன், சார்ஜரை மாட்டினேன், அன்று இரவே சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

சித்திரையில் போனில் கேட்டபோது, "அத எடுத்து வச்சாச்சுல. ரத்தம் வருது, பச்சத்தண்ணி பட்டாலே கூசுது. எனக்குப் பல்பொடியே போதும்" என்றார்.

பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பல வருடங்களாக முரட்டுப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்ததில் ஈறு ஏற்கெனவே இறங்கியிருந்தது. அந்தப் பழக்கத்தோடு இப்போது மோட்டாரும் சேர்ந்துகொண்டது. இறங்கிய ஈறு தானாகத் திரும்ப ஏறாது என்று டாக்டர் சொன்னபோது, அப்பா என்னைத்தான் பார்த்தார்.

தவறு அவருடையது அல்ல. பெட்டியில் இருந்த கையேடு பொடி எழுத்து ஆங்கிலம். படித்துச் சொல்ல வேண்டியவன் நான், நானே பிரித்துப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது சொல்லித் தருகிறோம். பிரஷ்தானே என்று இதை விட்டுவிடுகிறோம்.

இத்தனைக்கும் இது அப்பாவைப் போன்றவர்களுக்காகவே பிறந்த சாதனம். 1954ல் சுவிட்சர்லாந்தில் வந்த பிராக்ஸோடென்ட் என்ற எலெக்ட்ரிக் பிரஷ், கையைச் சரியாக அசைக்க முடியாதவர்களையும் பல்லில் கம்பி கட்டியவர்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. இன்றைய சில மாடல்கள் நிமிடத்துக்கு 31,000 முறை அசைகின்றன. அதற்கு மேல் நாம் ஏன் கையை ஆட்ட வேண்டும்?

அப்பாவுக்கு இதைத் தறியை வைத்துத்தான் புரியவைத்தேன். "விசைத்தறியில நாடாவ நீங்க கையால தள்ளுவீங்களாப்பா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். நாடா தானாக ஓடும். நூல் அறுகிறதா என்று பார்ப்பதுதான் ஆளின் வேலை. பிரஷ்ஷும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது இதுதான். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிரஷ்ஷை வாய்க்குள் வைத்த பிறகே பட்டனை அழுத்துங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்கப் பேஸ்ட் தெறிக்கும். பேனா பிடிப்பது போல விரல் நுனிகளால் லேசாகப் பிடியுங்கள். அழுக்குப் படலம் அதிகம் சேர்வது பல்லும் ஈறும் சேரும் விளிம்பில். நீள ஹெட் என்றால் தூவிகளை அந்த விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். வட்ட ஹெட் என்றால் ஒவ்வொரு பல்லாக வைத்து, அதன் வளைவோடு ஈறு ஓரம் வரை கொண்டுபோங்கள். ஒரு பல்லில் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, அடுத்த பல்லுக்கு நகருங்கள். முன்னும் பின்னும் இழுக்கவே கூடாது. வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் மூன்றையும் முடியுங்கள். கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உமிழ்நீர் சுரந்து வரும் இடம் அருகில் இருப்பதால் காறை அங்கேதான் அதிகம் படியும். அங்கே பிரஷ்ஷைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான மாடல்களில் 30 விநாடிக்கு ஒருமுறை மோட்டார் லேசாகத் தயங்கும். பழுது என்று நினைக்காதீர்கள் (அப்பா நினைத்தார்). வாயை நாலு பாகமாகப் பிரித்து, அடுத்த பாகத்துக்குப் போகச் சொல்கிறது. மொத்தம் 2 நிமிடம். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும் மாடல் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் பெரியவர்களுக்கு அதையே வாங்குங்கள். ஆப், ப்ளூடூத் எல்லாம் வீண்செலவு.

ரத்தம் வந்தால் துலக்குவதையே நிறுத்துவது நம் ஊர் வழக்கம். பெரும்பாலும் அது ஈறு வீங்கியிருப்பதன் அடையாளம். அழுக்கை அப்படியே விட்டால் இன்னும் மோசமாகும். மெதுவாகத் தொடருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

எல்லோரும் உடனே கடைக்கு ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. 56 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2014ல் வெளியிட்ட அறிக்கைப்படி, மூன்று மாதத்துக்கு மேல் எலெக்ட்ரிக் பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் சாதாரண பிரஷ்ஷை விட அழுக்குப் படலம் 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைவு. நல்ல வித்தியாசம்தான், மாயாஜாலம் இல்லை. மென்மையான சாதாரண பிரஷ்ஷால் ஒழுங்காகத் துலக்குகிறவர் அதையே தொடரலாம்.

ஈரக் கையோடு தொட்டால் ஷாக் அடிக்குமோ என்ற பயம் அம்மாவுக்கு. சார்ஜரில் ஒரு கம்பிச்சுருள், பிரஷ்ஷின் அடியில் ஒன்று. நடுவில் பிளாஸ்டிக் மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மர் போலக் காந்தப்புலம் வழியே மின்சாரம் போகிறது. வெளியே தெரியும் உலோக முனை எதுவும் இல்லை என்று காட்டிய பிறகுதான் தொட்டார்.

போன வாரம் அம்மாவே கூப்பிட்டு, தனக்கும் ஒரு ஹெட் அனுப்பச் சொன்னார். கைப்பிடி ஒன்றை இருவர் பயன்படுத்தலாம், ஹெட் மட்டும் மாறக் கூடாது. அப்பாவுடையது நீல வளையம். அதற்கும் மூன்று மாதம் முடிகிறது, மாற்ற வேண்டும். பச்சையும் நீலமும் சேர்த்து ஆர்டர் செய்திருக்கிறேன்.