பக்கவாதத்தைத் தடுக்க ரத்த அழுத்தம் கட்டுக்குள் வர வேண்டும்

மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ, அந்தக் குழாயை நம்பியிருக்கும் மூளைப் பகுதி சில நிமிடங்களில் செயலிழக்கத் தொடங்குகிறது. இதுவே பக்கவாதம். பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. மற்றவை ரத்தக் கசிவால் வருபவை. ‘நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தார், திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது’ என்று குடும்பத்தார் சொல்வது வழக்கம். அவர்கள் கண்டது நோயின் கடைசி நிமிடத்தை மட்டுமே. பத்து, இருபது ஆண்டுகளாக அந்த ரத்தக் குழாயின் சுவர் தடித்தும் நலிந்தும் வந்திருக்கும். அது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

வந்த பிறகு சிகிச்சை இல்லாமல் இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால் பலர் எழுந்து நடக்கிறார்கள். பெரிய குழாயில் உள்ள அடைப்பைக் கம்பி நுழைத்து அகற்றும் முறையும் வந்துவிட்டது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரைகூட அதைச் செய்ய முடிகிறது. ஆனால், அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் ஊசி போட முடியாது. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு உரிய நேரத்தில் வந்து சேர்பவர்கள் சிறுபான்மையினரே. பெரிய குழாய் அடைபட்டுச் சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான கணக்கு. கிராமத்திலிருந்து ஆட்டோ பிடித்து, வட்ட மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு அனுப்பப்படும் ஒருவருக்கு எத்தனை நிமிடங்கள் போகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே, இந்த நோயை வெல்லும் பொறுப்பில் பெரும்பகுதியைத் தடுப்புதான் ஏற்றாக வேண்டும்.

தடுக்க முடியுமா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இந்தியா உட்பட 32 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. உலகில் ஏற்படும் பக்கவாதங்களில் பத்தில் ஒன்பதுக்கு, மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணங்களே பின்னணியில் இருப்பதாக அது காட்டியது. வயது, குடும்ப வழி போன்ற மாற்ற முடியாதவையும் உண்டு. தாய் தந்தையருக்கு வந்திருந்தால் பிள்ளைகள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மாற்றக்கூடிய பத்தில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. ஏறத்தாழப் பாதிப் பக்கவாதங்களுக்கு அது ஒன்றே பொறுப்பு.

ரத்த அழுத்தம் உயர்ந்தே இருந்தால் பெரிய குழாய்களின் உட்சுவர் கீறல் கண்டு, அங்கே கொழுப்பு படிந்து, பாதை குறுகுகிறது. மூளையின் ஆழத்தில் உள்ள நூல் போன்ற சிறு குழாய்களோ பலமிழந்து, ஒருநாள் வெடிக்கின்றன. அடைப்புக்கும் கசிவுக்கும் ஒரே காரணம் வழி திறந்து வைப்பது இப்படித்தான். இதற்கு வரலாற்றில் தெளிவான சான்று அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் பரிசோதித்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 186/108. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு அவர் இறந்த நாளில் அது 300/190. உலகின் வலிமை மிக்க நாட்டின் தலைவருக்குக் கொடுக்க, நம்பகமான ஒரு மாத்திரைகூட அன்று இல்லை.

இன்று அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1967லும் 1970லும் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வுகள், மாத்திரையால் அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதம் குறைகிறது என்று நிறுவின. வயதானால் அழுத்தம் கூடுவது இயல்புதான், வயதோடு நூறைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இன்னும் பல வீடுகளில் புழங்குகிறது. 60 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 1991இல் வெளியான ஆய்வு அந்தக் கணக்கைத் தகர்த்துவிட்டது: மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்த முதியவர்களுக்கு மாத்திரை கொடுத்தபோது பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. மேல் அளவை 10 புள்ளி இறக்கினால் பக்கவாத ஆபத்து கால்வாசிக்கும் சற்று மேலாகவே குறைகிறது என்பது பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு.

காரணம் தெரியும், மருந்து இருக்கிறது, விலையும் தடையில்லை. இருந்தும் தமிழ்நாட்டில் 2020இல் நடந்த கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது; அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. 2023-24இல் நடந்த இரண்டாம் சுற்றில் இந்த விகிதம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. அது பாராட்டத்தக்க முன்னேற்றம்தான். ஆனால், அப்போதும் ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடக் கட்டுக்குள் வரவில்லை. பொது சுகாதாரத்தில் நாட்டுக்கு முன்னோடி என்று பெயரெடுத்த மாநிலம் இந்த எண்ணோடு மனநிறைவு அடையக் கூடாது.

ஏன் கட்டுக்குள் வருவதில்லை? உயர் ரத்த அழுத்தம் வலிப்பதில்லை என்பது முதல் காரணம். தலை சுற்றினால்தான், பிடரி வலித்தால்தான் ‘பிரஷர்’ இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமலே 180ஐத் தாண்டியிருப்பவர்கள் ஏராளம். ‘ஒருமுறை மாத்திரை ஆரம்பித்தால் கடைசிவரை நிறுத்த முடியாது’ என்ற அச்சம் அடுத்தது. அந்த அச்சத்தால் ஆரம்பிக்காதவர்கள் ஒருபுறம். ஆரம்பித்து, அளவு இறங்கியதும் ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்திவிடுபவர்கள் மறுபுறம். அளவு இறங்கியதே மாத்திரையால்தான். நிறுத்தினால் மீண்டும் ஏறும் என்பதை யாரேனும் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அன்றாடக் கூலிக்குப் போகிறவர் மாத்திரை வாங்க ஒரு காலைப் பொழுதை இழந்தால் அன்றைய கூலியும் போகிறது. இதை அலட்சியம் என்று ஏசுவது நியாயமல்ல.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தத் தடையைச் சரியாகவே அடையாளம் கண்டது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தத்தை அளந்து மாத்திரை தருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. பகலில் வீட்டில் இல்லாத ஆண்கள் விடுபட்டுப்போவது அதன் குறை. தொழிற்சாலைகளுக்கு நீட்டித்தது அதை ஓரளவு சரிசெய்கிறது. கட்டுமான இடங்கள், மீன்பிடித் துறைமுகங்கள், லாரிப் பேட்டைகள், வாரச் சந்தைகள் என்று மாலை நேரங்களிலும் அது செல்ல வேண்டும்.

திட்டத்தின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்பது அதைவிட முக்கியமான கேள்வி. பரிசோதிக்கப்பட்டவர்கள் எத்தனை லட்சம், பயனாளிகள் எத்தனை கோடி என்பவையே இதுவரை பெருமையோடு அறிவிக்கப்படுகின்றன. அளந்து பார்த்ததால் யாருக்கும் பக்கவாதம் நின்றுவிடாது. 2017இல் இந்தியாவின் சில மாநிலங்களில் தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, பதிவு செய்யப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90க்குக் கீழே வந்திருக்கிறது என்பதையே தன் அளவுகோலாக வைத்துக்கொண்டது. தமிழ்நாடு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இந்த ஒற்றை எண்ணைக் கணக்கிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். மாத்திரை வாங்க வராமல் போனவரைத் தேடிப் பிடிக்கும் வேலை அப்போதுதான் தானாக நடக்கும்.

அழுத்தத்தோடு ஒட்டிப் பிறந்தது உப்பு. நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், வடகம் என்று சாப்பாட்டின் ஓரத்தில் வைப்பவையே அதில் பெரும்பங்கைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்; பொட்டலச் சிப்ஸும் மிக்சரும் மீதியை நிரப்பும். சீனாவில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. பக்கவாதம் வந்தவர்களும், உயர் ரத்த அழுத்தமுள்ள முதியவர்களுமாக சுமார் 21 ஆயிரம் பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிக் கிராமங்களில் சமையல் உப்புக்குப் பதிலாக, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு கொடுக்கப்பட்டது. அங்கே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. யாரும் எந்த உணவையும் விட்டுக்கொடுக்க நேரவில்லை. தமிழ்நாட்டுக்கு இது புதிய பொருளும் அல்ல. அரசின் உப்புக் கழகம் 2014இல் ‘அம்மா உப்பு’ என்று அறிமுகப்படுத்திய மூன்று வகைகளில் ஒன்று, சோடியம் குறைந்த உப்பு. அதற்கு மானியம் கொடுத்து ரேஷன் கடைகள் வழியே வயதுவந்தோருக்குக் கொண்டுசெல்வது கைக்கெட்டும் தூரத்தில் உள்ள நடவடிக்கை. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும், உடலில் பொட்டாசியத்தைக் கூட்டும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த உப்பு ஆகாது. பையின் மேலேயே அதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். பொட்டல உணவில் உப்பு மிகுதி என்றால் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்க வேண்டும். சிலி நாடு 2016 முதல் அதைச் செய்துவருகிறது.

அடுத்தது சர்க்கரை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. நீரிழிவு ஏறத்தாழ இரு மடங்கு பக்கவாத ஆபத்தைக் கொண்டுவருகிறது. அழுத்தமும் சேர்ந்துகொண்டால் குழாய்கள் இரண்டு பக்கமிருந்தும் தாக்கப்படுகின்றன. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நீரிழிவு உள்ளவர்களில் பலர் சாப்பிட வேண்டியிருந்தும் தவிர்க்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு கூடுவதும், உட்கார்ந்தே இருப்பதும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடப்பது போதும்; நடக்க நடைபாதை வேண்டும் என்பதை உள்ளாட்சிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

புகையிலை எந்த வடிவத்திலும் தீங்கே. பீடி, சிகரெட்டைவிடச் சிறியது என்பதால் சிறிய ஆபத்தாகிவிடாது. விட்டுவிட்டால் சில ஆண்டுகளிலேயே ஆபத்து வெகுவாக இறங்குகிறது. ஐம்பது வயதில் விட்டாலும் பலன் உண்டு. மது ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, இதயத் துடிப்பைக் குலைக்கிறது, ரத்தக் கசிவுக்கு நேரடியாக வழிவகுக்கிறது. மதுவின் சில்லறை விற்பனையை 2003 முதல் அரசே நடத்துகிறது. வீடு தேடி மாத்திரை கொடுக்கும் அரசுக்கு, மதுக்கடைகளைப் படிப்படியாகக் குறைப்பது ஒரு சுகாதாரக் கடமை. வருவாய்க் கணக்கு அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

இதயத்திலிருந்து புறப்படும் ஆபத்து தனி வகை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடித்தால் அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, கட்டி மூளைக்குப் போகும். பக்கவாத ஆபத்து ஐந்து மடங்காகும். இளம் வயதில் மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கும் இது நேர்கிறது. நாடித் துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்பதை விரல் வைத்தே அறிந்துவிடலாம்; ஈ.சி.ஜி. அதை உறுதிசெய்யும். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகள் பெரும்பாலான பாதிப்பைத் தடுத்துவிடும். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: யார் யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் வாங்கி விழுங்குவது தடுப்பு ஆகாது. அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கு அது கசிவை வரவழைத்துவிடும்.

இளம் தாய்மாருக்கு வரும் பக்கவாதம் பற்றிப் போதிய பேச்சே இல்லை. பேறுகாலத்தை ஒட்டி ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். அந்த நேரத்தில் ‘வயிறு போட்டுவிடும்’, ‘பிள்ளைக்குச் சளி பிடிக்கும்’ என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்துபோகும் ஆபத்து மேலும் கூடுகிறது. 1980களின் தொடக்கத்திலேயே மதுரையிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்று, கர்ப்ப காலத்திலும் பேறுக்குப் பிறகும் மூளை ரத்தக் குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 பெண்களை விவரித்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தாகம் தீரத் தண்ணீர் கொடுக்க வேண்டும். விடாத தலைவலியும் வலிப்பும் வந்தால் காற்று கருப்பு என்று காத்திருக்கக் கூடாது.

ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு மிக அதிகம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் மாத்திரைகளை ஓரங்கட்டிவிட்டு, புறா ரத்தம் தடவுவதிலும் எண்ணெய் வைத்தியத்திலும் மாதங்களைக் கழிக்கும் குடும்பங்கள் உண்டு. செயலற்ற கையைத் தேற்ற இயன்முறைப் பயிற்சி வேண்டும். அடுத்த தாக்குதலைத் தடுக்க அந்த மாத்திரைகள் வேண்டும்.

பெரிய பக்கவாதத்துக்குச் சில நாட்கள் முன்பு சிலருக்கு ஒரு முன்னறிவிப்பு வருகிறது: ஒரு பக்கம் வாய் கோணும், கையிலிருந்த டம்ளர் நழுவும், பேச்சு குழறும், ஒரு கண் இருளும், பத்து நிமிடத்தில், அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். ‘வாயுப் பிடிப்பு’ என்று அதை விட்டுவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, முன்னறிவிப்பு கண்டவர்களுக்கும் சிறிய பக்கவாதம் வந்தவர்களுக்கும் உடனே சிகிச்சை தொடங்கியபோது அடுத்த மூன்று மாதங்களில் மீண்டும் பக்கவாதம் வருவது 80 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. வாய் கோணியது தானே நேராகிவிட்டாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். 108ஐ அழையுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.