கேஸ் போட்டால் சரியாகிவிடும் என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். மெக்கானிக் வேலை பார்க்கும் என் மாணவர்கள் கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

போன வைகாசியில் அக்கா பேத்தியின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அக்காவைக் காரில் காஞ்சிபுரம் கூட்டிப்போனேன். வாலாஜாபாத் தாண்டியும் ஏ.சி. ஜில்லென்று இருந்தது. காந்தி ரோடு நெரிசலில் கார் நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அனல்காற்று வர ஆரம்பித்தது. அக்காவுக்கு 74 வயது. தலை சுற்றிச் சாய்ந்துவிட்டார். ஒரு கடைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் இரண்டு முறை அந்த ஏ.சி.க்குக் கேஸ் போட்டிருந்தேன். தடவைக்கு 1,800 ரூபாய். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கடைக்குள் நுழைந்ததுமே "கேஸ் கம்மியாயிடுச்சு போல, போட்டு விடுப்பா" என்று சொன்னது நான்தான். அவரும் ஒரு கேள்வி கேட்காமல் போட்டுவிட்டார். நோயாளியே மருந்து எழுதுகிறார், டாக்டர் ஊசி போடுகிறார். இந்தப் பழக்கத்தைத்தான் இங்கே கண்டிக்கிறேன்.

"சார், கேஸ் போட்டதும் கூலிங் வருதே?" என்பீர்கள். எனக்கும் வந்தது. கடையிலிருந்து வீடு வரை ஜில்லென்று வந்தேன். ஆனால் ஓடும்போது அது முன்பும் ஜில்லென்றுதான் இருந்தது! நின்றால்தான் அணைந்தது. நிறுத்திப் பார்க்க வேண்டிய சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டேன். ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இப்படிச் செய்த பையனுக்கு நானே மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கார் அதிர்வதாலும் ரப்பர் குழாய்கள் இருப்பதாலும் பல வருடங்களில் கொஞ்சம் குறையலாம். இரண்டு மாதத்தில் குறைந்தால் எங்கோ கசிகிறது. கசியும் இடத்தை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இரண்டாவது, ஏ.சி. தானாக அணைவது பெரும்பாலும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் செயல். குழாயில் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. அழுத்தம் சுமார் 2 பாருக்குக் கீழே போனால் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஏனென்றால் கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லையென்றால் அது காய்ந்து போய்ப் பிடித்துக்கொள்ளும். சுமார் 30 பாருக்கு மேல் ஏறினாலும் நிறுத்திவிடும், இல்லையென்றால் ஏதாவது வெடிக்கும். ஆகவே கேஸ் குறைந்தாலும் நிற்கும், அழுத்தம் கூடினாலும் நிற்கும். காரணம் பார்க்காமல் மேலும் கேஸ் திணித்தால் சில சமயம் நோய் முற்றும்.

கடைசியில் இதைக் கண்டுபிடித்தது என்னிடம் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, இப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஒரு மாணவர். அவர் கேஜைக்கூட எடுக்கவில்லை. "சார், ஓடும்போது நிக்குதா, நிக்கும்போது நிக்குதா?" என்று கேட்டார். பானெட்டைத் திறந்து ஏ.சி.யைப் போடச் சொன்னார். ஏ.சி. ஃபேன் சுற்றவே இல்லை. ஓடும்போது எதிர்காற்று கண்டென்ஸரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். அது சுற்றாததால் அழுத்தம் ஏறி சுவிட்ச் அணைத்திருக்கிறது. ரிலே போயிருந்தது. மாற்றக் கூலியோடு 350 ரூபாய்!

அதனால் கடைக்குப் போகும் முன் நீங்களே கவனித்து எழுதி வையுங்கள்:

1. நெரிசலில் நின்றால் அணைந்து, ஓடினால் திரும்ப வருகிறதா? ஃபேன், ரிலே, ஃபியூஸ், அழுக்கடைந்த கண்டென்ஸர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் திடீரென்று சுற்றும், கை வைக்காதீர்கள்.

2. அரை மணி, ஒரு மணி ஓடிய பிறகு காற்றே குறைந்து, அணைத்து வைத்தால் மறுபடி வருகிறதா? உள்ளே பனி கட்டுகிறது. கேபின் ஃபில்டரையும் வெப்பத்தை அளக்கும் சென்சாரையும் பாருங்கள்.

3. சில நொடிக்கு ஒருமுறை 'டக் டக்' என்று போட்டு அணைக்கிறதா? கேஸ் குறைவாக இருக்கலாம். அப்போதும் முதல் கேள்வி "எங்கே கசிகிறது?" என்பதுதான்.

4. இன்ஜின் வெப்ப முள் ஏறுகிறதா? ஏ.சி.யை விடுங்கள், உடனே வண்டியை ஓரம் கட்டுங்கள்.

கேஸ் போட வேண்டியே வந்தால், கசிவை அடைத்து, வேக்கம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, எடை பார்த்துப் போடச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

இது பர்ஸ் விஷயம் மட்டும் அல்ல. நம் கார்களில் பரவலாக உள்ள ஆர்-134ஏ கேஸ் ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் 1,300 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அரை கிலோ என்றால் 650 கிலோ. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். இந்த வகை வாயுக்களைக் குறைக்கத்தான் 2016இல் கிகாலி ஒப்பந்தம் வந்தது, 2021இல் இந்தியாவும் அதை ஏற்றது. நாமோ வெயில் தாங்கவில்லை என்று வருடா வருடம் கேஸ் போட்டு, அதைக் காற்றில் விட்டு, வெயிலைக் கூட்டிக்கொள்கிறோம்.

ஒன்றை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன் தினமும் தூங்குவான். எழுப்பி நிற்க வைத்தேன், அடித்தும் இருக்கிறேன். ஒருநாள் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ள ஆள் இல்லாமல், இரவெல்லாம் அப்பாவோடு அவன்தான் தறியில் இருந்திருக்கிறான். "ஏன்பா தூங்குறே?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏ.சி.யிடமும் அதே தவறைத்தான் செய்தேன்.

ஏன் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள், கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்