பெற்றோரின் செபமும் பிள்ளைகளின் வளர்ப்பும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பர் பெரியோர். ஆனால் இளங்கொம்பை வளைப்பவர் கைக்கு வலிமை தருபவர் யார்? அவர் இறைவனே என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் உத்தனப்பள்ளி வட்டாரத்தில் ராகியும் தக்காளியும் விளையும் வயல்களுக்கு நடுவே இன்று தொழிற்சாலைப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அப்பா இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும்போது நாங்கள் பள்ளிக்குப் புறப்படுகிறோம். நாங்கள் வீடு வரும்போது அம்மா வேலைக்குக் கிளம்புகிறார். பாட்டி காலத்தில் மாலை விளக்கு ஏற்றியதும் வீடெங்கும் கேட்ட செபமாலை, எங்களில் பலர் வீட்டில் இன்று கேட்பதில்லை. “நேரம் எங்கே இருக்கிறது?” என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. அவர்கள் உழைப்பது எங்களுக்காக அன்றோ!

எனினும் உழைக்கும் பெற்றோரால் செபிக்கவும் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் வாழ்ந்த லூயி மார்ட்டினும் செலி அம்மையாரும் 1858-ல் மணம் புரிந்தனர். அவர் கடிகாரம் செய்பவர். அம்மையாரோ பல பெண்களுக்கு வேலை கொடுத்து லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகள் பிறந்து நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். அத்துயரிலும், ஓயாத வேலையிலும், விடியற்காலைத் திருப்பலியையும் குடும்பச் செபத்தையும் அவர்கள் விடவில்லை. அவர்களுடைய கடைசி மகளே குழந்தை இயேசுவின் புனித தெரேசாள். 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அப்பெற்றோர் இருவரையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

தெரேசாளை அறியாதார் இல்லை. ஆனால் எங்கள் நெஞ்சைத் தொட்டவர் அவருடைய அக்காள் லெயோனி. நோயாளி, படிப்பு ஏறாதவள், அடம் பிடிப்பவள். பள்ளியிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவள். தாயார் கண்டித்தும் பார்த்தார், கொஞ்சியும் பார்த்தார், பயனில்லை. கடவுளிடம் மன்றாடினார். 1877-ல் ஓர் உண்மை வெளியாயிற்று: வீட்டு வேலைக்காரி அக்குழந்தையை மறைவாக மிரட்டி அடக்கி வைத்திருந்தாள்! அன்று முதல் தாய் மகளைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். மகளும் மாறத் தொடங்கினாள். அந்த ஆண்டே புற்றுநோயால் தாயார் மறைந்தார். லெயோனி மும்முறை கன்னியர் மடத்தில் சேர்ந்து, மும்முறையும் வெளியே வந்தார். 1899-ல் நான்காம் முறை சேர்ந்து, 1941-ல் இறக்கும்வரை நல்ல துறவியாகவே வாழ்ந்தார். அவரையும் புனிதராக்கும் முயற்சி 2015-ல் தொடங்கியது. தாயின் செபம் பலித்ததைத் தாய் இவ்வுலகில் காணவில்லை. ஆனால் அது வீண் போகவில்லை!

இதிலிருந்து நாம் அறிவது என்ன? செபம் என்பது பிள்ளையைக் கடவுள் தலையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதன்று. செபித்த தாய்க்கு இறைவன் கண்ணைத் திறந்தார். கண்டதும் தாய் தம் வழியை மாற்றிக்கொண்டார். பிள்ளை ஏன் அழுகிறாள், ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று பார்ப்பதற்கும் செபம் வேண்டும்.

ஆகவே அன்பார்ந்த பெற்றோரே, உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள்.

ஒன்று: பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் நேர்த்திக்கடன் வைக்காதீர்கள். நாங்கள் உண்மை பேசவும், தோல்வியைத் தாங்கவும் வரம் கேளுங்கள்.

இரண்டு: “சாமி உன்னைத் தண்டிப்பார்” என்று பயமுறுத்தாதீர்கள். ஊதாரி மகனை ஓடி வந்து தழுவிய தந்தையை அன்றோ இயேசு நமக்குக் காட்டினார்!

மூன்று: எங்களுக்காகச் செபிப்பதோடு நில்லாமல், எங்களோடும் செபியுங்கள். ஐம்பத்து மூன்று மணி முடியாவிட்டால் பத்து மணி போதும். மாலை முடியாவிட்டால், அப்பா வரும் காலை வேளையில் ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். செபத்துக்கு அழைத்தால் “படிக்கணும்” என்போம். ஆனால் கைப்பேசிக்கு மட்டும் நேரம் கிடைத்துவிடுகிறது. முழங்காலில் நின்றபடியே தூங்கிவிழுந்ததும் உண்டு. வேலைக்களைப்போடு அம்மா சொல்லும் ஒரு ‘அருள்நிறை மரியே’யின் அருமையை நாங்கள் இனியேனும் உணர வேண்டும்.

தோழியரே! பெற்றோர் அழைக்கும்வரை காத்திராமல் இன்றிரவு நாமே மெழுகுவர்த்தியை ஏற்றி அவர்களை அழைப்போமா? பிள்ளையை வளர்க்கும் செபத்தில் பிள்ளைக்கும் பங்கு உண்டு அல்லவா!

— பத்தாம் வகுப்பு மாணவி