வளர்ப்பு நாய்களின் கழிவும் தாணே கழிமுகமும்: சான்பாடாவில் கவனம் பெறாத சுகாதாரப் பிரச்சினை

நவி மும்பை: தெருநாய்கள் குறித்த உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் உத்தரவுகளுக்குப் பிறகு, நாய்க்கடி, வெறிநோய், உணவளிக்கும் இடங்கள் ஆகியவை நாடு முழுவதும் விவாதப் பொருளாகியுள்ளன. ஆனால் நாய்களின் கழிவை, குறிப்பாக வீட்டில் வளர்க்கப்படும் நாய்களின் கழிவை என்ன செய்வது என்ற கேள்வி அந்த விவாதத்தில் பெரிதாக எழவில்லை. கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ள சான்பாடா போன்ற பகுதிகளில் இக்கேள்வியை இனியும் ஒதுக்கி வைக்க இயலாது.

நவி மும்பை, தூய்மைக்குப் பெயர் பெற்ற நகரம். மத்திய அரசின் 2023ஆம் ஆண்டுத் தூய்மைக் கணக்கெடுப்பில் இந்தூர், சூரத் நகரங்களுக்கு அடுத்து மூன்றாவது இடத்தைப் பெற்றது. அதன் மாநகராட்சி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தி வருகிறது. அவற்றுள் ஒன்று சான்பாடாவிலேயே உள்ளது. வீட்டுக் கழிப்பறையிலிருந்து வெளியேறும் நீர் குழாய் வழியாக இத்தகைய நிலையத்தை அடைந்து, சுத்திகரிக்கப்பட்ட பின்னரே வெளியேற்றப்படுகிறது.

சாலையோரத்தில் விடப்படும் நாய்க் கழிவு செல்லும் பாதை வேறு. மழை பெய்தால் அது கரைந்து மழைநீர் வடிகாலில் சேர்கிறது. அந்த வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்வதில்லை. கழிமுகத்தை நோக்கியே செல்கிறது. தாழ்வான நிலத்தில் அமைந்த நகரம் என்பதால், கடல் ஏற்றத்தின்போது மழைநீரைத் தேக்கி வைக்க நவி மும்பையில் தேக்கக் குளங்கள் அமைக்கப்பட்டுள்ளன. வெள்ளத்தைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட அந்த ஏற்பாடு, நீரில் கலந்த கிருமிகளை அகற்றுவதற்கானது அன்று.

தாணே கழிமுகம் சாதாரண நீர்நிலையும் அல்ல. பூநாரைகளின் வரவால் அதன் ஒரு பகுதி 2015இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் கழிமுகம் இடம்பெற்றது. கோலி மீனவர்களின் வாழ்வாதாரமும் அதனோடு பிணைந்துள்ளது. நாய்க் கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீரில் பாசி பெருக உதவுகின்றன. பாசி மடிந்து அழுகும்போது மீன்களுக்குத் தேவையான உயிர்வளி குறைகிறது. கழிமுகத்தின் மாசுக்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கூற முடியாது. தொழிற்சாலைக் கழிவும் சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீரும் அதைவிடப் பெரிய சுமைகள். எனினும் பெரும் முதலீடு எதுவுமின்றிக் குறைக்கக்கூடிய மாசு இது.

உடல்நலப் பாதிப்பு இன்னும் நேரடியானது. நாய்க் கழிவின் மூலம் பரவும் உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள்கூட உயிர்ப்புடன் இருக்கக்கூடும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைகளின் உடலுக்குள் அவை சென்றால், அரிதாகக் கண்பார்வையும் பாதிக்கப்படலாம். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள், வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து நுழைகின்றன. அதே வேளையில், உருண்டைப்புழு முட்டைகள் வெளியேறியவுடன் நோயைப் பரப்புவதில்லை. அந்நிலையை அடைய அவற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை தேவைப்படுகின்றன. ஆகவே, கழிவை அன்றே அகற்றினால் தொற்றுச் சங்கிலி அறுந்துவிடும்.

எலிக்காய்ச்சலை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்நோய் எலி, நாய் முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரால் பரவுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பின்னர் மும்பையில் அந்நோய் பரவியது. அதைத் தடுக்க, கழிவை அகற்றுவது மட்டும் போதாது. நாய்களுக்குத் தடுப்பூசியும் தேவை.

சட்டத்திலும் ஒரு இடைவெளி உள்ளது. கழிவை அகற்றுமாறு வளர்ப்போரைக் கேட்டுக்கொள்ளலாமே தவிர, மத்திய அல்லது மாநிலச் சட்டம் இல்லாத நிலையில் குடியிருப்போர் சங்கங்கள் அபராதம் விதிக்க இயலாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் தெளிவுபடுத்தியது. மும்பை மாநகராட்சியோ, 2006ஆம் ஆண்டுத் துணைவிதிகளின்படி, கழிவை அகற்றாத வளர்ப்போருக்கு 500 ரூபாய் அபராதம் நிர்ணயித்தது. சான்பாடா தனி மாநகராட்சியின் எல்லைக்குள் இருப்பதால் அவ்விதி இங்குப் பொருந்தாது. ஆக, சங்கங்களால் இயலாததை உள்ளாட்சி அமைப்புதான் விதியாலும் வசதியாலும் செய்ய வேண்டியுள்ளது.

தெருநாய்கள் எங்கும் கழிவிடும்போது தங்களை மட்டும் குறை கூறுவது ஏன் என்று வளர்ப்போர் கேட்கலாம். அதில் நியாயம் உண்டு. தெருநாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி ஆகியவற்றுடன் புழுநீக்க மருந்தும் அளித்த பின்னரே அவற்றை அதே பகுதியில் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது; அதை நிறைவேற்றும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. ஆனால் கயிற்றில் கட்டி அழைத்துச் செல்லப்படும் நாயின் அருகில் பொறுப்பேற்கக்கூடிய ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

தீர்வு எளியதே. கழிவைப் பழைய செய்தித்தாளில் எடுத்து வந்து, தாளை நீக்கி, கழிப்பறையில் கொட்டி நீர் ஊற்றினால் அது சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடையும். தாளை மடித்துக் குப்பைத் தொட்டியில் இடலாம். வடிகாலின் வாயில் தள்ளிவிடுவதும், காய்கறித் தோட்டத்துக்கு உரமாக இடுவதும் தவறு. பூங்காக்களிலும் பாம் பீச் சாலையை ஒட்டிய நடைபாதைகளிலும் இதற்கெனத் தனித் தொட்டிகளை அமைத்து, தவறாமல் அகற்றுவது மாநகராட்சியின் கடமை. தொட்டிகளை வைக்காமல் அபராதம் மட்டும் விதித்தால் மக்களின் ஒத்துழைப்புக் கிடைக்காது. மழைக்காலம் தொடங்கும் முன்பே இவ்வேற்பாடுகள் நிறைவடைய வேண்டும். முதல் மழையிலேயே சாலையோரக் கழிவு கழிமுகத்தை அடைந்துவிடும்.