ஓநாயையும் ஆட்டுப்பட்டியையும் ஒருசேரக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
செம்மறி, வெள்ளாடு வளர்ப்போர் சங்கம்,
சத்தியமங்கலம் வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
1. தலைமை வன உயிரினக் காப்பாளர், தமிழ்நாடு வனத்துறை, சென்னை.
2. இயக்குநர், கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை, சென்னை.
நகல்: மாவட்ட ஆட்சியர், ஈரோடு.

பொருள்: வன உயிரினம் – ஓநாய் – மேய்ச்சல் நிலங்களில் பாதுகாத்தல் – ஆடு இழப்போருக்கு உடனடி நிவாரணம், பட்டிப் பாதுகாப்பு, நாய்களுக்குத் தடுப்பூசி – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பவானிசாகர் அணையைச் சுற்றியும் சத்தியமங்கலம் மலையடிவாரத்திலும் பட்டி போட்டு ஆடு மேய்த்துப் பிழைப்பவர்கள் நாங்கள். ஓநாய்க்கு ஆடு பறிகொடுத்தவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். அந்த ஓநாயைக் காப்பாற்றச் சொல்லி மனு எழுதுவதும் அதே சங்கம்தான். படிப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆகவே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

புலிக்கும் யானைக்கும் காடு இருக்கிறது. ஓநாய்க்கு அடர்காடு ஒத்துவராது. முள்ளும் புல்லும் கலந்த வெட்டவெளி, வெளிமான் மேயும் தரை, மேட்டாங்காட்டுப் பாறை இடுக்கு, ஓடைக் கரைப் பொந்து, இவைதான் அதன் வீடு. அரசு ஏடுகளில் அந்த நிலத்துக்குத் தரிசு, புறம்போக்கு என்று பெயர். எங்களுக்கு அது மேய்ச்சல் தரை. அந்தத் தரை ஏக்கர் ஏக்கராகக் கைமாறும்போது எங்கள் ஆடும் ஓடுகிறது, ஓநாயும் ஓடுகிறது. போக்கிடம் இல்லாத ஓநாய் பட்டிக்குத்தான் வந்து நிற்கும். ஓநாய்க்கு நிலம் கேட்பதும் எங்களுக்கு நிலம் கேட்பதும் ஒரே மனுவில் அடங்குகிறது என்பதே நாங்கள் இதை எழுத வந்த காரணம்.

இந்திய ஓநாய் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. புலிக்குள்ள அதே சட்டக் காப்பு இதற்கும் உண்டு. நாடு முழுவதும் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 3,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில்தான் பெரும்பகுதி. உலகில் இன்று வாழும் ஓநாய் வழிகளில் மிகப் பழமையானவற்றுள் நம் ஓநாயும் ஒன்று என்று 2021-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டிலோ அது அரிதிலும் அரிது. மாயாற்றுப் பள்ளத்தாக்கு, சீகூர் பீடபூமி, கர்நாடக எல்லையை ஒட்டிய வறண்ட காடு, இங்கெல்லாம் எப்போதாவது கண்ணில் படுகிறது. எங்கள் பெரியவர்கள் 'கோணாய்' என்று பெயர் சொல்லிக் காட்டிய விலங்கை இன்றைய இளவட்டங்கள் பார்த்தால் நரி என்கிறார்கள், செந்நாய் என்கிறார்கள், தெருநாய் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தால் நாங்கள் படும் பாட்டை அடுத்துச் சொல்கிறோம்.

போன கார்த்திகையில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் பட்டியில் விடிவதற்கு முன் மூன்று குட்டிகள் காணாமல் போயின. தாயாடு ஒன்று கழுத்தில் கடிபட்டுக் கிடந்து, பொழுது ஏறியதும் செத்தது. ஈரமண்ணில் தடம் இருந்தது. அவர் மகன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தான். ஓர் அலுவலகத்துக்குப் போனார். "இது நாய்க்கடி, எங்களிடம் வராது" என்றார்கள். இன்னோர் அலுவலகத்துக்குப் போனார். "காட்டு விலங்கு மாதிரி இருக்கிறதே, அங்கே போய்க் கேளுங்கள்" என்றார்கள். தாயாட்டின் உடலாவது இருந்தது. குட்டிகளுக்கு உடலே இல்லை. உடல் இல்லாவிட்டால் பரிசோதனைச் சான்று இல்லை, சான்று இல்லாவிட்டால் நிவாரணம் இல்லை. ஓநாய் குட்டியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்குச் சான்றிதழ் விட்டுப் போகத் தெரியாது. எந்த அலுவலகங்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. குறை ஆட்களிடம் இல்லை, முறையில் இருக்கிறது.

மூன்றாம் நாள் அந்த மனிதர் உரக்கடைக்குப் போய்க் குருணை மருந்து வாங்கி வந்தார். செத்த தாயாட்டின் மேல் தூவ இருந்தவரைப் பக்கத்துப் பட்டிக்காரர்கள் கெஞ்சித் தடுத்தார்கள். எல்லா முறையும் தடுக்க முடிந்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டோம். எங்கள் ஆட்களிலும் விஷம் வைத்தவர்கள் உண்டு. விஷம் வைத்த ஆட்டை ஓநாய் மட்டும் தின்பதில்லை. கழுதைப்புலி தின்னும், நம் வீட்டு நாயே தின்னும், பாறு கழுகு கூட்டமாக இறங்கித் தின்னும். பாறு கழுகுகளுக்காகக் கால்நடை மருத்துவத்தில் டைக்ளோஃபெனாக் மருந்தை 2006-லேயே நாடு முழுவதும் தடை செய்தார்கள். அந்தக் கழுகுகள் தமிழ்நாட்டில் மிஞ்சியிருப்பது இதே மாயாற்றுப் பள்ளத்தாக்கில். ஒரு கிலோ குருணை அத்தனை ஆண்டு உழைப்பையும் ஒரே இரவில் அழித்துவிடும். நிவாரணம் தாமதமாவதன் உண்மையான விலை இதுதான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, முதன்மையான கோரிக்கையும் கூட: பணத்தை முதலில் கொடுங்கள், நாயா ஓநாயா என்ற வழக்கைத் துறைகள் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். காட்டு விலங்கு கொன்ற கால்நடைக்கு வனத்துறை நிவாரணம் தருகிறது. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டுப் போராடிய பிறகு, தெருநாய் கடித்துச் சாகும் ஆடு மாடு கோழிக்கும் நிவாரணம் தர அரசு 2025-ல் முன்வந்தது. இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன. நாங்கள் நடுத்திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரே விண்ணப்பம், ஒரே இடம் என்று ஆக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வனக்காப்பாளர், கால்நடை உதவி மருத்துவர் ஆகிய மூவரில் யாரேனும் இருவர் 48 மணி நேரத்துக்குள் பட்டிக்கு வந்து பார்த்தால் போதும் என்று விதி செய்ய வேண்டும். உடல் கிடைக்காத குட்டிகளுக்குக் கால்தடப் படம், தாயாட்டின் மடி, அக்கம்பக்கத்துப் பட்டிக்காரர் இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றைச் சான்றாக ஏற்க வேண்டும். மடியில் பால் கட்டிக் கத்தும் தாயாட்டைவிடப் பெரிய சாட்சி எதுவும் இல்லை என்பது ஆடு வளர்த்த எவருக்கும் தெரியும். தொகை 30 நாளுக்குள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். சினையாட்டுக்கும் பொலிகிடாவுக்கும் அன்றைய சந்தை விலையை ஒட்டித் தொகை நிர்ணயிக்க வேண்டும். பொய்க் கணக்குக் கொடுப்பவரைச் சங்கமே காட்டிக் கொடுக்கும். அந்தப் பொறுப்பை எழுத்தில் ஏற்கத் தயாராக இருக்கிறோம்.

இரண்டாவது, பட்டி. நாங்கள் போடும் மூங்கில் படல் ஆட்டை உள்ளே நிறுத்தும், ஓநாயை வெளியே நிறுத்தாது. ஆளுயர இரும்புவலைப் படல், அடியில் ஒரு முழம் வெளிப்பக்கம் மடித்து விரிக்கக் கூடியதாக, கழற்றி மாட்டி இடம் மாற்றக் கூடியதாக வேண்டும். கிடை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால் சிமெண்டுத் தூண் கம்பிவேலித் திட்டங்கள் எங்களுக்குப் பயன்படவில்லை. குட்டிகளை இரவில் அடைக்க மூடிபோட்ட கூடு, சூரிய ஒளி விளக்கு, இவற்றை மானியத்தில் தர வேண்டும். கோம்பை போன்ற நம் காவல் நாய்க் குட்டிகளைப் பட்டிக்காரர்களுக்கு வழங்கும் யோசனையையும் பரிசீலிக்கலாம். ஒரு ஆட்டின் நிவாரணத் தொகையைவிட ஒரு படலின் விலை அதிகம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். படல் பல வருடம் நிற்கும்.

மூன்றாவது, நாய்கள். தெருநாய்களால் எங்களுக்குச் சேதம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவற்றால் ஓநாய்க்கும் சேதம். வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் நாயிடமிருந்து ஓநாய்க்குத் தொற்றக்கூடியவை. வெறிபிடித்த ஓநாய் ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. புணே அருகே நாய்க்கும் ஓநாய்க்கும் பிறந்த கலப்பினத்தை 2023-ல் மரபணு சோதனை உறுதி செய்தது. எண்ணிக்கை குறைந்து துணை கிடைக்காத ஓநாய் நாயோடு சேரும்; சில தலைமுறையில் ஓநாய் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊராட்சிகளில் தெருநாய்க்கும் பட்டி நாய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட முகாம் நடத்த வேண்டும். இறைச்சிக் கழிவையும் செத்த கோழியையும் காட்டோரம் கொட்டுவதை ஊராட்சிகள் தடுக்க வேண்டும். அந்தக் குப்பைமேடுதான் நாய்க்கூட்டத்தை வளர்க்கிறது.

நான்காவதாக நிலம். இதில் சற்று விரிவாகப் பேச அனுமதிக்க வேண்டுகிறோம்.

2013-ல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஆனது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் உள்ளே போகாதே என்று சொன்ன பிறகு வெளியே இருக்கும் மேய்க்கால் புறம்போக்கு மட்டும்தான் எங்களுக்குப் போக்கிடம். அதுவும் வீட்டுமனையாகிறது, குப்பைக் கிடங்காகிறது, சூரிய மின்தகடு பரப்பும் களமாகிறது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை வரவேற்கிறோம். மரம் வேண்டாம் என்று சொல்பவர்கள் நாங்கள் இல்லை. புல்தரையில் மரம் நட வேண்டாம் என்றே சொல்கிறோம். புல்தரை மொட்டையாகக் கிடக்கும் காடு என்று நினைப்பது தவறு. வெளிமான் ஓடுவதற்கும் ஓநாய் துரத்துவதற்கும் ஆடு மேய்வதற்கும் வெளி வேண்டும். நிலத்தை விழுங்கி நிற்கும் சீமைக்கருவேலத்தை அகற்றி அங்கே கொழுக்கட்டைப் புல் விதைத்தால் அதுவே எங்களுக்குப் பெரிய திட்டம். அகற்றும் இயந்திரம் இறங்குமுன் ஓநாய் குட்டி போட்ட பொந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கட்டும்.

மேய்க்கால் புறம்போக்கை அளந்து கல் நட்டு, வேறு பயனுக்கு மாற்றுவதற்குத் தடை விதிக்க வேண்டும். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் கிடைக்காரர்களின் பருவகால வழித்தடத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதன்படி தரப்படும் விண்ணப்பங்களைக் கிராம சபை வழியாகப் பரிசீலிக்க வேண்டும்.

ஓநாய்க்கெனச் சரணாலயம் அமைக்கலாமே என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். கர்நாடகத்தில் மேலுகோட்டையில் 1974-ல் அமைத்தார்கள், ஜார்க்கண்டில் மஹுவாடாண்டில் 1976-ல் அமைத்தார்கள், கொப்பள் மாவட்டம் பங்காபூரிலும் இப்போது இருக்கிறது. தமிழ்நாடும் தேவாங்குக்குக் கடவூரில் சரணாலயம், கடற்பசுவுக்குப் பாக் விரிகுடாவில் பாதுகாப்புக் காப்பகம் என்று 2022-ல் அறிவித்தது. ஓநாய்க்கு இதுவரை எதுவும் இல்லை என்பது எங்களுக்கும் குறையே. ஆனாலும் சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வயிறு கலங்குகிறது. அது வரும்போது எங்களை வெளியே போகச் சொல்லித்தான் வருகிறது. வன உயிரினச் சட்டத்தில் 2002-ல் சேர்த்த பாதுகாப்புக் காப்பகம், சமுதாயக் காப்பகம் என்ற பிரிவுகளில் ஊர்மக்களின் உரிமை பறிபோவதில்லை, நிர்வாகக் குழுவில் ஊராட்சிக்கும் இடம் உண்டு. அந்த வழியில் என்றால் நாங்களே முன்னின்று இடம் காட்டுவோம்.

இடம் காட்டுவது என்றதும் இன்னொன்று. புலிக் கணக்கெடுப்புக்காகக் கேமரா வைப்பது காட்டுக்குள்தான். ஓநாய் திரிவது வெளியே. இந்த வட்டாரத்தில் ஓநாய் எத்தனை, குட்டிப் பொந்துகள் எங்கே என்பதை வெளிநிலத்தில் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். அந்தப் பணிக்கு இடையர்களைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். இருட்டில் ஆடு மிரளும் விதத்தை வைத்தே வந்தது சிறுத்தையா நாயா என்று சொல்லக் கூடியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். கார்த்திகையிலிருந்து தை வரை ஓநாய் குட்டி போடும் காலம். இந்த மாதங்களில் பொந்துப் பக்கம் கிடை போடாமல் ஒதுங்கிக்கொள்ளச் சங்கம் ஏற்பாடு செய்யும். ஒதுங்குபவர்களுக்கு மாற்று மேய்ச்சலோ உலர்தீவனமோ தர வேண்டும். பொந்தில் புகை போட்டுக் குட்டியைக் கொல்பவரும் விஷம் வைப்பவரும் எங்கள் உறுப்பினராகவே இருந்தாலும் சங்கத்திலிருந்து நீக்கி வனத்துறைக்குத் தகவல் தருவோம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். அதன் நகலை இணைத்துள்ளோம்.

ஓநாய் மனிதர்மேல் பாயாதா என்ற பயம் தாய்மார்களிடம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் ஓநாய் தாக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். 1996-லும் அம்மாநிலத்தின் கிழக்கு மாவட்டங்களில் அப்படி நடந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று நடந்ததாகப் பெரியவர்கள்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. இருந்தாலும் காட்டோரத்தில் கிடையோடு தங்கும் குடும்பங்களின் குழந்தைகள் திறந்தவெளியில்தான் உறங்குகிறார்கள். கதவுள்ள தற்காலிகக் கொட்டகையும் விளக்கும் அவர்களுக்கு வேண்டும். வதந்தி கிளம்பினால் உடனே வந்து விசாரிக்க ஒரு தொலைபேசி எண்ணும், அதை எடுக்க ஒரு ஆளும் வேண்டும்.

இக்கோரிக்கைகள் குறித்து வனத்துறை, கால்நடைத் துறை, வருவாய்த் துறை மூன்றும் ஒன்றாக உட்காரும் கூட்டம் ஒன்றை மாசி மாதத்துக்குள் கூட்டி, எங்களையும் அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்தைப் புதன், வியாழன் தவிர வேறு நாளில் வைக்க வேண்டுகிறோம். அந்த இரண்டு நாளும் புளியம்பட்டிச் சந்தை. எங்களில் ஒருவரும் வர முடியாது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் பட்டிக்காரர்கள் அனைவரும்.

இடம்: சத்தியமங்கலம்
நாள்: 05.01.2026

இணைப்பு: பொதுக்குழுத் தீர்மான நகல், உறுப்பினர்களின் கையொப்பமும் கைநாட்டும், கால்தடப் படங்கள்.